முதல் திருப்பத்தில் இடித்தவர்

பச்சை விளக்கு எரிந்து பத்து நொடிகூட ஆகவில்லை. இன்ஜினியர் சாரின் கார் முதல் திருப்பத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு மணலில் போய் உட்கார்ந்தது. தொடர்ந்து ஆறாவது வாரம்.

"இடிச்சது யாருன்னு நான் வேற சொல்லணுமா?" என்றார் ஹெட்போனில்.

சொல்ல வேண்டியதே இல்லை. பின்னால் வந்த, எல்லோரும் 'புல்டோசர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் பையன்தான். அவனும் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

இது கம்ப்யூட்டரில் ஓடுகிற பந்தயம். ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பதினாறு பேர், அவரவர் வீட்டு மேஜையில் ஸ்டீயரிங்கைப் பொருத்திக்கொண்டு ஓட்டுவார்கள். யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. திட்டுவதற்கு முகம் எதற்கு?

ஆரம்பித்து வைத்தவர் இன்ஜினியர் சார். எங்கோ காட்டுக்குள் ஒரு அணைக்கட்டில் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை, குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. பொழுது போகாமல் இருபத்திரண்டு விதிகள் எழுதி வைத்திருந்தார். அதில் ஒன்பது, முதல் சுற்றில் மோதாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி. எல்லோரும் சீக்கிரமே பிரேக் போட்டு, இடைவெளி விட்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி திரும்பினார்கள். புல்டோசர் மட்டும் திருந்தவில்லை.

அவன் நிஜத்தில் லிஃப்ட் மெக்கானிக். இவன் சரிசெய்த லிஃப்டில் ஏறுவதற்குப் பதில் படியேறியே செத்துப்போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுத, சிரிப்புப் பொம்மைகள் கொட்டின.

இந்த முறை சார் புகாரோடு விடவில்லை, ஆளையே நீக்கச் சொன்னார். புகார் கொடுத்தவர் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். எனவே பஞ்சாயத்து, பதினாறு பேரில் ஒருவரான கணக்கு டீச்சரிடம் வந்தது.

விடை சரியாகவே இருந்தாலும் வழிமுறை காட்டாவிட்டால் மார்க் போடாத டீச்சர் அவர். சார் தன் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிய வீடியோ பதிவைப் பார்த்தார். புல்டோசர் மடாரென்று இடிப்பது பளிச்சென்று தெரிந்தது. இருந்தாலும் அவனுக்கு ஃபோன் போட்டு, அவன் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவையும் கேட்டார்.

அழிந்துவிட்டது என்றான். ஆறு வாரத்துப் பதிவுமா என்று கேட்டதும் திணறினான். தான்தான் ஒப்புக்கொண்டாயிற்றே, பேசாமல் நீக்கிவிடுங்கள் என்றான். டீச்சர் விடுவாரா? கடைசியில் அனுப்பி வைத்தான்.

டீச்சர் திருத்த வேண்டிய பேப்பர் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

அவன் திரையில் கதையே வேறு. ஒழுங்காக பிரேக் போட்டு, மூன்று கார் இடைவெளி விட்டுத்தான் வருகிறான். முன்னால் போகிற சாரின் கார் திடீரென்று காணாமல் போகிறது. அடுத்த நொடி அவன் பானெட்டின் மேலேயே வந்து குதிக்கிறது. ஆறு வாரமும் இதே கூத்து.

டீச்சர் மறுபடி ஃபோன் போட்டார். "அவருக்கு நெட் விட்டு விட்டு வருது தம்பி. இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

புல்டோசர் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நெட் சரியில்லாதவங்களை நீக்கணும்னு விதி போட்டதே அவர்தான். ரெண்டு பேரை அனுப்பியும் இருக்கார். தன்னோட லைன்னு தெரிஞ்சா அன்னைக்கே தன்னையும் நீக்கிக்குவார், அவ்வளவு மானஸ்தர். அந்தக் காட்டுல வேற லைனும் கிடைக்காது. வாரம் பூரா அவர் மனுஷங்களோட பேசுறது இந்த ஒரு நாள்தான். அதுல பாதி என்னைத் திட்டுறது. திட்டிட்டுப் போகட்டும் டீச்சர்."

வேறு யாராவது பின்னால் நின்றால் குட்டு உடைந்துவிடும் என்று, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி அவருக்குப் பின்னால் கடைசி இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறானாம்.

ஒன்பதாம் வகுப்பையே கிடுகிடுக்க வைக்கும் டீச்சர், குழுவில் அந்த லிஃப்ட் கிண்டலைத் தேடி எடுத்துப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தச் சிரிப்புப் பொம்மைகளில் ஒன்று அவருடையதாகவும் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

தண்டனையே இல்லை என்றால் சார் காரணம் கேட்பார். ஆகவே நீக்கம் வேண்டாம், ஒரு வாரம் தடை என்று தீர்ப்பு எழுதினார். குழு பொங்கியது. டீச்சர் ஆளைப் பார்த்து மார்க் போடுகிறார் என்று சாரே எழுதினார்.

அடுத்த ஞாயிறு புல்டோசர் இல்லை. இன்றைக்குப் பாருங்கள், முதல் சுற்று வெண்ணெய் மாதிரி போகும் என்று சார் உற்சாகமாக அறிவித்தார். எப்போதும் முதல் வரிசையில் நிற்கும் டீச்சர் அன்று தகுதிச் சுற்றை உருட்டி உருட்டி ஓட்டி, சாருக்குப் பின்னால் கடைசியில் வந்து நின்றார். டீச்சருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று ஒருவர் கிண்டலடித்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. முதல் திருப்பத்தில் சாரின் கார் மறைந்து, குதித்து, உருண்டு, மணலுக்குப் போனது.

புல்டோசர் இல்லை, ஆனால் இடி மட்டும் விழுந்திருக்கிறது.

"என்னய்யா இது?" என்ற சாரின் குரலில் வழக்கமான காரம் இல்லை. "ஒருவேளை... என் நெட்லதான் ஏதாவது..."

"உங்க நெட்டெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு," என்றார் டீச்சர். "நான்தான் கவனிக்காம இடிச்சுட்டேன். புகார் எழுதுங்க."