‘முடியாது’ன்னு எழுதுங்க

"ஏம்மா, ஊர்ல உள்ள வண்டியெல்லாம் ஒரே மாதிரி கதவு திறக்குது. உன் வண்டியில மட்டும் வலக் கதவு பின்பக்கமாத் திறக்குதே, இது என்ன கூத்து?"

"கூத்து இல்ல அத்தான், கணக்கு. இடக் கதவும் வலக் கதவும் ஒரே கதவு. கீலை முன்னாடி வெச்சா இந்தப் பக்கம், திருப்பிப் பின்னாடி வெச்சா அந்தப் பக்கம். ரெண்டு அச்சு செய்யற இடத்துல ஒண்ணு போதும்."

கார் கம்பெனியின் வடிவமைப்புத் துறைத் தலைவர், மேசை கொள்ளாமல் விரிந்து கிடந்த வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார். எதிரே நின்றவள் பதினோரு வருடமாகக் கதவுப் பிரிவில் வேலை பார்ப்பவள். தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பெயரே ‘கதவு’தான். அது போதாதென்று அவருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை வேறு. மற்றவர்கள் என்றால் ஒரு தலையாட்டலில் அனுப்பிவிடலாம். இவளை அப்படி அனுப்பினால் சாப்பாட்டு மேசையில் விசாரணைக் கமிஷன் உட்காரும்.

குழாய் ரிப்பேர்க்காரரும் தச்சரும் வாங்கக்கூடிய விலையில் ஒரு எலெக்ட்ரிக் பிக்கப். முன்னால் இரண்டு பேருக்கு இடம், பின்னால் சரக்குக்கு இடம், அவ்வளவுதான். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு இந்த வரைபடம் வளர்ந்திருந்தது. மூன்று மாதமாக இதைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு நடையாய் நடக்கிறாள்.

"பின்பக்கமாத் திறந்தா ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டு ஏறட்டும்."

"பெயின்ட் எங்க?"

"கிடையாது. பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே சாம்பல் கலரைக் கலந்துடலாம். கீறினாலும் உள்ளேயும் அதே கலர்தான்."

"நடுவுல தொடுதிரை?"

"ரோட்டைப் பாத்து ஓட்டினாப் போதும். முன்னாடி அவ்வளவு பெரிய கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கேன்?"

"ஜன்னலை இறக்க பட்டன்?"

"கைப்பிடி இருக்கு. கையும் இருக்கு."

"பாட்டாவது உண்டா?"

"பாடத் தெரிஞ்சவங்க பாடிக்கட்டும்."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. இருமலாக மாற்றிக்கொண்டார். கீழ்த்தளத்தில் கம்பெனியின் சொந்த எலெக்ட்ரிக் பிக்கப் நின்றது. அளவிலும் ஒரு வீடு, விலையிலும் ஒரு வீடு. அதில் ஒன்று விற்றால் வரும் லாபத்துக்கு இவளுடைய வண்டியில் பதினைந்து விற்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

"சரி, நடுவுல ஒரு வழி சொல்றேன். ஒரு திரை, நல்ல பெயின்ட், இதுமாதிரி ரெண்டு மடங்கு பேட்டரி. அப்படின்னா நான் மேல பேசிப் பாக்கறேன்."

"அப்படின்னா அதை யாரு வாங்கறது? நீங்களா?"

"எனக்கெதுக்கும்மா பிக்கப்?"

"அதான் சொல்றேன். வாங்கறவங்களைக் கேட்டுக் கேட்டு வரைஞ்சது இது. ஒரு திருகாணிகூட அதிகமாச் சேக்க மாட்டேன்."

ஒற்றைக் காலில் நின்றாள். அவர் பெருமூச்சு விட்டு, கோப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ‘முடிவு’ என்று போட்ட கட்டம் காலியாக இருந்தது. யாரையும் புண்படுத்தாத ஒரு சொல் அவர் கைவசம் எப்போதும் உண்டு.

"‘பரிசீலனையில் உள்ளது’ன்னு எழுதறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "பரிசீலனையாவது மண்ணாவது! அந்த அலமாரியைத் திறந்து பாருங்க. எத்தனை பேரு வரைஞ்சது பரிசீலனையிலேயே பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு! வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லுங்க. முடியும்னா முடியும்னு எழுதுங்க. முடியாதுன்னா ‘முடியாது’ன்னு எழுதுங்க."

"உன் மனசு நோகக் கூடாதேன்னு பாக்கறேன்மா."

"என் மனசை நான் பாத்துக்கறேன். ‘முடியாது’ன்னு எழுத உங்களுக்குத் தைரியம் இருக்கா, இல்லையா? வீட்டுல அக்காவுக்குத்தான் பயப்படறீங்கன்னு நெனச்சேன். ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

சுருக்கென்று தைத்தது. பேனாவின் மூடியைப் பிடுங்கினார். ‘இந்த விலையில் எலெக்ட்ரிக் பிக்கப் தயாரிக்க முடியாது. இவ்வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தேவையில்லை’ என்று எழுதி, தாள் கிழிகிற வேகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தேதி?"

போட்டார்.

"முத்திரை?"

ஓங்கிக் குத்தினார்.

தாளை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு மடிக்காமல், கசங்காமல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு இளகியது. "நல்ல டிசைன்தான்மா. ஆனா இதை எந்தக் கம்பெனியாலயும் செய்ய முடியாது. நாலு நாள் லீவு போட்டு வீட்டுல இரு."

"நாலு நாள் பத்தாது அத்தான்." ஒரு கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வேலையை விட்டு விலகும் கடிதம்.

"ஐயோ, கோபத்துல முடிவெடுக்காதே!"

"கோபமா? எனக்கு இன்னைக்குத்தான் வயித்துல பால் வார்த்திருக்கீங்க! நாங்க வரையறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனியே தேவையில்லைன்னு எழுதிக் குடுத்தா மட்டும்தான் வரைஞ்சவங்களுக்குச் சொந்தம்னு வேலை ஒப்பந்தத்துல இருக்கு. ஷெட் பிடிச்சாச்சு. திங்கட்கிழமையே முதல் வண்டியைக் கட்ட ஆரம்பிக்கறோம். நீங்க பாட்டுக்குப் ‘பரிசீலனை’ன்னு எழுதித் தொலைச்சிடுவீங்களோன்னு என் பார்ட்னர் காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"பார்ட்னரா? யாரு அது?"

"வேற யாரு, அக்காதான்!"