அவனிடம் மட்டும் கேட்டது

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர், போன வருஷம் ஏதாவது வேலை பார்த்தீர்களா என்று சுகந்தியிடம் கேட்டார்.

"இவ வீட்லதான் சும்மா இருக்கா" என்று புருஷன் முந்திக்கொண்டான்.

டீச்சர் அப்படியே குறித்துக்கொண்டு கொழுந்தன் தயாளனிடம் திரும்பினார். அவனும் எந்த வேலையும் பார்க்கவில்லை. ஆனால் அவனிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்.

"வேலை தேடுறீங்களா தம்பி?"

"தேடிக்கிட்டேதான் இருக்கேன்." பாயிலிருந்து எழாமலே கொட்டாவி விட்டான்.

அவன் சாப்பிட்ட தட்டு சுகந்தியின் கையில் இருந்தது. அவனுக்கு வாங்கித் தந்த பைக்கைப் பார்த்துக்கூட அவள் பொறாமைப்பட்டதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

டீச்சர் செருப்பு மாட்டும்போது தட்டோடு வாசலில் போய் நின்றாள்.

"டீச்சர், அதை என்கிட்டயும் கேளுங்க."