தேயாத கேமரா

"புதுசுதான் வேணும்னா உன் அம்மாகிட்டப் போய்க் கேளு!" என்று கடை வாசலிலேயே கத்தினாள் தொமித்திலா.

தொன்செலேஸ் தெருவில் பழைய கேமரா விற்பவர்கள் இதற்கெல்லாம் தலைநிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அவள் புருஷன் எவரிஸ்தோவும் விடவில்லை. பழைய கேமரா என்றால் அடுத்தவன் போட்டுக் கழற்றிய ஷூ மாதிரி என்றான்.

அவன் காலில் இருந்த ஷூவே அவள் அண்ணன் போட்டுக் கழற்றியதுதான்.

ஒரு மாதமாக எங்கள் முற்றத்தில் இதே சண்டை. எட்டுக் குடித்தனமும் இரண்டு கட்சியாகிவிட்டது. நான் புதுசுக் கட்சி.

ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அவன் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்துகளில் படம் எடுக்க. திரும்பி வரும்போது சட்டைப்பையில் பஸ் காசுதான் மிஞ்சியிருக்கும். கேட்டால், கேமரா தேய்ந்துவிட்டது, நல்ல இடத்தில் கூப்பிடுவதில்லை என்பான்.

அவள் நம்பினாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சோளமாவில் தமாலே அவித்து, மெட்ரோ வாசலில் விற்று, அவனுக்கு ஒரு கேமரா வாங்கச் சேர்த்தாள்.

இருப்பதைக் கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, நல்லதாக ஒரு பழைய கேமரா வாங்கலாம் என்பது அவள் கட்சி. புதுசு வாங்கு, இது வீட்டில் கிடக்கட்டும் என்பது அவன் பிடிவாதம்.

நானும் அதையேதான் சொன்னேன். அவள் மகளுக்கு ஞானத்தாய் நான். அந்த உறவுமுறையில் என்னைக் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள். நியாயம் பேசக் கூடவே வந்திருந்தேன்.

"யோவ், பையைக் கொடு." பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

கடைக்காரர் தோன் நிகானோர் கேமராவை எடுத்தார். எவரிஸ்தோ அவர் கையைப் பிடித்தான்.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? கழுதையா உழைச்சது அது."

"படமெடுக்க எத்தனை தடவை அமுக்கியிருக்குன்னு பாக்காம பழசு வாங்குறவன் உண்டா? அது உள்ளேயே எண்ணி வச்சிருக்கும்யா."

புதுசு விற்கும் கடைகளில் யாரும் இதைக் கேட்பதில்லை.

எங்கள் மூவரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். படம் என்றதும் தொமித்திலா கோபத்தை மறந்து தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டாள். அவர் படத்தைக் கணினியில் போட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். முகம் மலர்ந்தது.

"செனோரா, உங்களுக்கு நல்ல நேரம்! இது புதுசேதான், நல்ல விலை தர்றேன். ஒரே ஒரு விருந்துக்கே ஆயிரம் தடவை அமுக்குவாங்க. இதுல மொத்தமே அறுநூத்திப் பன்னிரண்டு. இப்ப நான் எடுத்ததையும் சேத்து."

ஆறு வருடம். முந்நூறு சனிக்கிழமை.

கணினியில் ஏதோ கோளாறு என்றான் எவரிஸ்தோ. கோளாறு உன் வாயில்தான் என்றார் நிகானோர்.

தொமித்திலா இப்போது கத்துவாள் என்று நினைத்தேன். தக்காளி விலை ஏறினாலே தெருமுனை வரை கேட்கும் குரல்.

கத்தவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். சிரித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

பிறகு திரும்பினாள். எவரிஸ்தோ ஓரடி பின்வாங்கினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"கொமாத்ரே," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "மூணாம் வீட்டுக்காரி யாரோட போறா, கறிக்கடைக்காரன் எங்க குடிக்கிறான், எல்லாம் உனக்குத் தெரியும். விடியறதுக்குள்ள என் காதுக்குக் கொண்டுவந்துருவே. என் புருஷனோட சனிக்கிழமை மட்டும் எப்படிடி உனக்குத் தெரியாமப் போச்சு?"

எவரிஸ்தோ பக்கம் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

பார்த்துவிட்டேன்.