சோதித்தவர் முகம்

மருந்து அட்டையைப் போனில் காட்டினால், அதைச் சோதித்து அனுப்பியவரின் முகம் வரும். அவரோடு பேசவும் செய்யலாம். ஓசூரில் ஒரு மருந்து ஆலையில் தரப் பரிசோதகராக இருந்த ரெஜினாவை அன்று காயல்பட்டினத்திலிருந்து காசிம் அழைத்தார்.

"மேடம், என் வீட்டுக்காரிக்கு இதய மாத்திரை. அசல்னு பச்சை விளக்கு வந்துட்டு. குடுக்கலாமா?"

யார் அழைத்தாலும் அட்டையிலுள்ள சோதனைத் தேதியைப் பார்க்காமல் ரெஜினா பதில் சொல்வதில்லை. மார்ச் ஒன்பது என்றிருந்தது. மகனுக்கு அம்மை போட்டிருந்ததால் அந்தத் தேதியில் அவள் லீவு.

"குடுக்காதீங்க! அது நான் பார்த்த மருந்தே இல்ல."

"உங்க முகம்தானே வருது?"

"என் முகத்தைத் திருடியிருக்காங்க. அன்னைக்கு நான் வேலைக்கே போகல. கீழ வைங்க."

உறுதியாகத் தெரியாமல் விற்பனையை எப்படி நிறுத்துவது என்று ஆலை மேலாளர் தயங்கினார். ரெஜினா அவர் அறையை விட்டு நகரவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு மாவட்டக் கடைகளில் அந்த அட்டைகள் முடக்கப்பட்டன. அத்தனையும் போலி. காசிமுக்கு அவளே நல்ல மருந்தை அனுப்பிவைத்தாள்.

நான்காம் நாள் அழைத்தது காசிமின் மனைவி ஜுலைஹா.

"என்னம்மா, மருந்துல ஏதாவது சந்தேகமா?" என்று ரெஜினா பதறினாள்.

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. உங்க முகத்தைப் பார்த்துட்டு மாத்திரையைப் போடலாம்னுதான்."