பதினாறாவது ஆட்டக்காரி

"கோப்பையை அந்தம்மா நேர்ல வந்துதான் வாங்கணுமாம்" என்றாள் மருந்துக்கடைக்காரி, உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டே. "கிளப் தலைவர் தன் கையாலதான் கொடுப்பாராம்."

பெஞ்சில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்த செயலாளரின் கை அப்படியே நின்றது.

அந்த கோல்ஃப் கிளப்பின் பெண்கள் லீக்கை ஏழு வருஷமாக நடத்துகிறவள் அவள். கிளப்பில் எத்தனையோ விதிகள் உண்டு. அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றின் மேல்தான்: பதினாறு பேர் இருந்தால் செவ்வாய்க்கிழமை காலை மைதானம் பெண்களுக்கு, ஒருத்தி குறைந்தாலும் ஆண்களுக்கு.

சென்ற ஆண்டு ஒருத்தி மகள் வீட்டோடு போய்விட்டாள். மிச்சம் பதினைந்து. அந்தப் பதினைந்து பேருக்கும் "என் கண்ணாடி எங்கே, என் சாக்ஸ் எங்கே" என்று யாரும் கேட்காத நாலு மணி நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். விட மனசு வரவில்லை. செயலாளர் பட்டியலில் பதினாறாவதாக ஒரு பெயரை எழுதினாள். அந்தப் பெயருக்கு உரியவள் இன்னும் பிறக்கவில்லை.

இல்லாதவளுக்கும் வாராவாரம் ஸ்கோர் அட்டை கொடுத்தாக வேண்டுமே. முறை வைத்து ஆளுக்கொரு வாரம் எழுதினார்கள். கோளாறு அங்கேதான் புகுந்தது. ஒவ்வொருத்தியும் அந்த வாரம் தனக்கு வாய்க்காத ஆட்டத்தை அவளுக்கு எழுதிவிட்டாள். பந்தைக் குளத்தில் விட்டவள், அவளைக் குளம் தாண்ட வைத்தாள். மணலில் மாட்டி எட்டு அடி அடித்தவள், அவளை ஒரே அடியில் வெளியே கொண்டுவந்தாள். அடி குறையக் குறைய ஜெயிக்கிற ஆட்டத்தில், போதாததற்குப் புதுசாகச் சேர்ந்தவள் என்று அவள் கணக்கில் முப்பத்தாறு அடி கழிவு வேறு. பதினைந்து பேரையும் ஓரங்கட்டிவிட்டு அவள் கோப்பையை ஜெயித்துவிட்டாள்.

"மூணாவது குழியில ஒரே அடியில பந்தைப் போட்டாள்னு எழுதியிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று அந்த வார அட்டையை எழுதிய பல் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள் செயலாளரின் ஓரகத்தி.

"எனக்கு முப்பது வருஷ ஆசைக்கா அது. அவளாவது போட்டுட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஓரகத்தியின் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. இரண்டாம் இடம் அவளுக்கு. இல்லாதவளிடம் தோற்றேன் என்று வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது என்று புலம்பினாள். மருந்துக்கடைக்காரி ஒரு படி மேலே போய், அந்தம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் தலைக்கனம்தான், ஒரு நாளாவது நம்மோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாளா என்று கேட்டாள். அறையில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"யாரையாவது அவளா நிக்க வைக்கலாம்" என்றது ஒரு குரல். "உங்க நாத்தனார் சும்மாதானே இருக்காங்க?"

செயலாளரும் ஓரகத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் விஷயத்தில் மட்டும் அவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

"அவ மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடிப்பா" என்றாள் ஓரகத்தி.

"அது பரவாயில்லக்கா. வாயைத் திறந்தா உண்மையைச் சொல்லாம மூட மாட்டா" என்றாள் செயலாளர்.

கடைசியில், பதினாறாமவளுக்குக் கால் சுளுக்கு என்று சொல்லிவிடுவதாக முடிவானது. எந்தக் கால் என்று கேட்டால் இடது. அதையும் கை தூக்கி வாக்கெடுத்தே முடிவு செய்தார்கள். ஓரகத்தி மட்டும் இரண்டு காலும் என்றாள்.

கிளப் மேலாளரின் அறை மாடியில். செயலாளர் மூச்சு வாங்க ஏறிப் போய், நின்றபடியே சுளுக்கைச் சொல்லி முடித்தாள். மேலாளர் எந்தக் கால் என்று கேட்கவே இல்லை. பாவம், ஓய்வெடுக்கட்டும், கோப்பையை உங்களிடமே கொடுத்தனுப்புகிறேன் என்றார். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. நன்றி சொல்லித் திரும்பினாள்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா. அடுத்த மாசத்திலிருந்து செவ்வாய்க்கிழமை காலை ஆண்களுக்குன்னு முடிவாயிடுச்சு."

செயலாளர் திரும்பி வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நாங்க பதினாறு பேர் இருக்கோமே சார்."

"இருக்கீங்க. இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே. பதினாறு பேர் இருக்கிற வரைக்கும் உங்களைக் கேக்காம அந்த நேரத்தை யாரும் எடுக்க முடியாது. நீங்களா விட்டுக் கொடுத்தாத்தான் உண்டு."

"நாங்க எப்ப சார் விட்டுக் கொடுத்தோம்?"

மேலாளர் கமிட்டியின் குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாளின் அடியில் ஒரு பெயரும், நீல மையில் வளைத்து வளைத்துப் போட்ட ஒரு கையெழுத்தும் இருந்தன.

"கமிட்டியில ஒரு பெண் கண்டிப்பா இருக்கணும்னு போன வருஷம் விதி வந்துச்சு இல்லையா, எதுத்துப் பேசாத ஆளா வேணும்னு உங்க பட்டியல்ல பதினாறாவதா இருக்கிற அந்தம்மாவையேதான் போட்டோம்" என்றார் மேலாளர், உத்தரத்தைப் பார்த்தபடி. "எட்டு மாசமா ஒரு கூட்டம்கூட தவறினதில்ல, இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அவங்கதான்."

செயலாளர் குறிப்பேட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு, "இதை வாபஸ் வாங்கணும்னுதான் அவங்க என்னைக் கையோட அனுப்பினாங்க" என்று சொல்லி, மேலாளரின் பேனாவையே எடுத்து, தீர்மானத்தின் கீழே 'வாபஸ்' என்று எழுதி, அதே பெயரில் அதைவிட நாலு வளைவு கூடுதலாகப் போட்டுக் கையெழுத்திட்டாள். அது அந்தம்மாவின் கையெழுத்து இல்லை என்று மேலாளரால் சொல்ல முடியவில்லை.