கரியாகாத சர்க்கரை

"கரியே பிடிக்கல சார்."

ஆராய்ச்சி மாணவி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, உலையிலிருந்து எடுத்த பீங்கான் கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே பொடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பேராசிரியர் கிண்ணத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். நாளைக் காலை நிபுணர் குழு வருகிறது. நுண்துளைகள் நிறைந்த சிலிக்காப் பொடியைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, காற்றுப்படாமல் சுட்டால் துளைக்குள் கரி பிடிக்கும். பிறகு சிலிக்காவைக் கரைத்துவிட்டால், அந்த அச்சில் வார்த்த கரி மட்டும் மிஞ்சும். அதைக் காட்டாவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

"நைட்ரஜன் விட்டியாம்மா? காத்து புகுந்தா கரி எரிஞ்சு போயிடும்."

"விட்டேன் சார். எனக்குச் சர்க்கரை மேலதான் சந்தேகம்."

அலமாரியில் மண்டையோட்டுப் படம் ஒட்டிய சர்க்கரைப் பாட்டில் இருந்தது. யாரும் டீக்கு எடுத்துவிடக் கூடாதென்று அவளே ஒட்டியது.

"சர்க்கரை உன்னை என்ன பண்ணுச்சு? அது சர்க்கரையேதான்."

"தினமும் குறையுது சார். டீ குடுக்கிற அண்ணன்தான் எடுத்துட்டு, வேற எதையோ கலந்து வச்சிருக்கணும். ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"சேச்சே, அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி."

"அப்ப வேற யாரு சார், மண்டையோட்டுக்கே பயப்படாத ஆளு?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். அதற்குள் அவள் கதவருகே போய்விட்டாள்.

"நில்லும்மா. நான்தான்."

"எது சார்?"

"டீக்கு ரெண்டு ஸ்பூன்." குரல் இறங்கியது. "டாக்டரும் வீட்டம்மாவும் சேர்ந்து என் நாக்குக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. நான் என்ன பண்றது? ஒரு மாசமா போட்டுக் குடிக்கிறேன், அப்படி ஒரு தித்திப்பு. சத்தியமா சர்க்கரைதான். எங்க வீட்டம்மா காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது."

மாணவி திரும்பி வந்து, உலையின் உள்கோடியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை இழுத்தாள். பொடி கன்னங்கரேலென்று இருந்தது.

"சிலிக்காவைக் கரைச்சு வடிகட்டிட்டா நாளைக்கு இது போதும் சார். இது நிஜச் சர்க்கரையில சுட்டது, அது என் பையில இருக்கு. பாட்டில்ல இருக்கிறது சர்க்கரை நோய்க்காரங்களுக்கான இனிப்புத் தூள். சூடு பட்டா கரியாகாது, ஆவியாப் பறந்துடும்."

"அதைப் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றது மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போன், அவர் மனைவியின் குரலில்.