இரண்டு எல்செயார்கள்

கியூபெக்கில், எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் வம்சாவளி மாலை வகுப்பில், அடக்கப் பதிவின் நகல்மேல் பெர்னாந்தின் விரல் அசையாமல் நிற்கிறது. எல்செயார், வயது இரண்டு. பெர்னாந்தின் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் அதுதான், பெற்றோரும் அவர்களேதான். நான் தவறாக வாசித்தேனோ என்று மறுபடி பார்க்கிறேன். இல்லை. "ரெண்டு வயசுல செத்தவருக்குக் கொள்ளுப்பேத்தியா? அப்ப நீ யாரு வீட்டுப் பொண்ணுடி?" என்கிறாள் அவளுடைய பெரியப்பா மகள் ஜெர்மேன். "சும்மா இரு அக்கா," என்கிறாள் பெர்னாந்து. கணப்புக் குழாய் டக்டக்கென்று தட்டுகிறது. பதிவேட்டு நகலின் பக்கங்களைப் புரட்டுகிறேன். பதினோரு மாதம் கழித்து ஒரு ஞானஸ்நானம்: அதே பெற்றோர், அதே பெயர், எல்செயார். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்களிடம் வழக்கம்தான், எனக்குத்தான் தோன்றவில்லை. ஜெர்மேன் சிரித்துவிடுகிறாள். பெர்னாந்து சிரிக்கவில்லை. "இவரைக் கூப்பிடறப்பல்லாம் பெத்த அம்மாவுக்கு அந்தப் பிள்ளை..." என்று நிறுத்துகிறாள். பிறகு, "வம்சாவளியில மூத்தவனையும் எழுதுப்பா. தனிக் கட்டமா போடு," என்கிறாள்.